ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கும் வீடு: புதிதாக வரிசையில் சேர்ந்தவர்களுக்கு

என் சின்னவளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு ஆடி மாதத்தில் எக்கோ (இருதய ஸ்கேன்) எடுத்துவிட்டு ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்று எழுதிக் கொடுத்தார்கள், பிறவியிலேயே வருகிற ஒரு இருதயக் கோளாறு. ஆபரேஷன் நடந்தது அடுத்த வருஷம் புரட்டாசியில். நடுவில் 14 மாதம். அந்த 14 மாதத்தில் எங்களைப் பார்த்த சர்ஜன் மாறிப்போனார், குழந்தைகள் ஐசியூவை மராமத்துக்கு மூடினார்கள், வரிசையில் இருந்த குழந்தைகளை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம், எங்கேயும் நடக்கிறதுதான். இப்போது யுகேஜி போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள்.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கம், தறி ஓட்டுகிற வீடு. படித்துத் தெரிந்துகொண்டது குறைவு, அலைந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம். இன்றைக்கு உங்கள் கையில் எக்கோ ரிப்போர்ட்டைக் கொடுத்து ‘வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கீங்க, கூப்பிடுவோம்’ என்று அனுப்பியிருந்தால், அழுது முடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

முதலில், என்ன கோளாறு என்று உங்கள் வாயால் சொல்லப் பழகுங்கள்

‘இருதயத்துல ஓட்டை’ என்று சொல்லிக்கொண்டு போனால் போதாது. ஓட்டையிலேயே இரண்டு ஜாதி இருக்கிறது, வீட்டில் பார்க்கும் விதமும் அதற்கேற்ப மாறும். வெறும் ஓட்டை மட்டும் பெரிதாக இருந்தால் (விஎஸ்டி என்பார்கள்) நுரையீரலுக்குத் தேவைக்கு மேல் ரத்தம் பாயும். அந்தக் குழந்தை பால் குடிக்கும்போதே நெற்றி வேர்க்கும், இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கும், எடை ஏறாது, அடிக்கடி நெஞ்சில் சளி கட்டும். என் மகளுக்கு இருந்தது வேறு. ஓட்டையும் உண்டு, நுரையீரலுக்குப் போகிற வழியும் குறுகல். அதனால் கெட்ட ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமலே நல்ல ரத்தத்தோடு கலந்து உடம்புக்குப் போய்விடும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வாங்குங்கள். கோளாறின் முழுப் பெயர் என்ன, எத்தனை மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும், என்ன நடந்தால் வரிசைக்குக் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். மூன்றாவது கேள்வியைத்தான் நாங்கள் கேட்க மறந்தோம்.

நீலம் பாரிக்கும் குழந்தை என்றால் இதை இன்றைக்கே பழகிவிடுங்கள்

மார்கழிக் கடைசியில் ஒரு விடிகாலை. தூங்கி எழுந்ததும் பாலுக்கு அழுதாள். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது, இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அழுகை வழக்கமான அழுகையாக இல்லாமல் போனது, மூச்சு வேகவேகமாக இழுத்தது, உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனது, அப்புறம் சத்தமே இல்லாமல் கை கால் துவண்டது. நான் செய்த தப்பு, பயத்தில் அவளை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டு அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவர்தான் குழந்தையை வாங்கி மடியில் மல்லாக்கப் போட்டு, இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது.

இதற்கு ‘ஸ்பெல்’ என்று பெயர். அழும்போதும் முக்கும்போதும் நுரையீரல் வழியில் இருக்கிற தசை இன்னும் இறுகிக்கொள்ளும், அங்கே போக வேண்டிய ரத்தம் ஓட்டை வழியாக உடம்புக்குத் திரும்பிவிடும். காலை மடக்கி அழுத்தும்போது உடம்புப் பக்கம் ரத்தம் போவதற்குத் தடை கூடும், அந்த அழுத்தத்தில் கொஞ்சம் ரத்தம் நுரையீரல் பக்கம் தள்ளப்படும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் ஓடியாடிவிட்டுத் தானாகவே குத்தவைத்து உட்கார்ந்துகொள்வதும் இதனால்தான், யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடியுங்கள், நீங்கள் கத்தாமல் குழந்தையை அமைதிப்படுத்துங்கள், இன்னொருவரை 108-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். நிறம் திரும்பிவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். காலையில் எழுந்ததும், பால் குடித்ததும், வெளிக்கு இருக்கும்போதும் அதிகம் வரும் என்பதால் பாலை முன்கூட்டியே காய்ச்சிக் கையில் வைத்துக்கொண்டு எழுப்புங்கள், மலச்சிக்கல் வராமல் பாருங்கள். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும், பாட்டி தாத்தாவுக்கும் சேர்த்து, இந்தப் பிடியைச் செய்து காட்டுங்கள். எங்கள் பெரியவனுக்கு ஏழு வயது, அவனுக்கும் தெரியும். கூட இன்னொரு ஆள் இருந்தால் மட்டும் போனில் அரை நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள், தேதி, நேரம், எத்தனை நிமிஷம் என்று நோட்டில் குறியுங்கள். ‘அப்பப்ப நீலமாகுது டாக்டர்’ என்று நீங்கள் பத்து தடவை சொல்வதைவிட அந்த வீடியோவும் நோட்டும் வேகமாக வேலை செய்யும். வரிசையில் எங்கள் பெயர் மேலே ஏறியதே அதைக் காட்டிய பிறகுதான்.

ஸ்பெல்லுக்கு புரொப்ரனோலால் கொடுத்திருந்தால் ஒரு விஷயம். அந்த மருந்து கொடுக்கும் குழந்தையை வெறும் வயிற்றோடு நெடுநேரம் விடக்கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, அதனால் எடை கூடும்போதெல்லாம் அளவை மாற்றணுமா என்று கேளுங்கள்.

குழந்தையை ஆபரேஷனுக்குத் தயாராக வைத்திருப்பது

தேதி கிடைத்த பிறகு அது தள்ளிப்போக வீட்டுப் பக்கம் இருக்கிற பெரிய காரணம் சளி காய்ச்சல்தான். நெஞ்சில் சளியோடு போனால் மயக்க மருந்து டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் வீட்டுக்குள் வருகிற எல்லாரும் கை கழுவணும், இருமுகிறவர்கள் வாசலோடு சரி. பள்ளியிலிருந்து வரும் பெரிய பிள்ளை சட்டை மாற்றி முகம் கழுவிவிட்டுத்தான் தங்கச்சியைத் தொடணும். மனசு கேட்காது, ஆனாலும் கல்யாண வீடு, திருவிழாக் கூட்டம் எல்லாம் ஒரு வருஷத்துக்கு வேண்டாம். ஆடித்தபசுக்கு எங்கள் தெருவே காலி, நானும் அவளும் மட்டும் வீட்டில்.

தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். ‘இருதயக் குழந்தைக்கு ஊசி போடக்கூடாது’ என்று ஊரில் சொல்வார்கள், இந்தக் குழந்தைக்குத்தான் அது ரொம்ப அவசியம். ஆபரேஷன் தேதி நெருங்கிவிட்டால் மட்டும் எதை எப்போது போடலாம் என்று இருதய டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். பேதி வந்தால் சாதாரணமாக நினைக்காதீர்கள். நீலக் குழந்தைக்கு ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும், உடம்பில் நீர் வற்றினால் இன்னும் கெட்டியாகும். ஓஆர்எஸ் பாக்கெட் எப்போதும் வீட்டில் இருக்கட்டும், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

பல் முளைத்த நாளிலிருந்து துடைத்துவிடுங்கள், வாயில் பால் புட்டியோடு தூங்க விடாதீர்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி இருதயத்தில் உட்கார்ந்துகொள்ளும். பல் பிடுங்க வேண்டி வந்தால் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடணும். இதே காரணத்துக்காகத்தான் நான் காதுகுத்தைத் தள்ளிவைத்தேன். ‘மொட்டை போட்டுக் காது குத்துறேன்னு வேண்டியிருக்கேன், அதான் இவளுக்கு இப்படி’ என்று அத்தை ஒருபக்கம் அழ, பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் டாக்டரிடமே அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ‘ஆபரேஷன் முடியட்டும் ஆச்சி, நானே வந்து மொய் எழுதுறேன்’ என்றார். நான் ஆறு மாதம் சொல்லியும் கேட்காத அத்தை, அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டார். வீட்டுப் பெரியவர்களை ஒரு தடவையாவது ஓபிக்குக் கூட்டிப்போங்கள். கர்ப்பத்தில் கிரகணத்தைப் பார்த்தாயா, பப்பாளி தின்றாயா என்ற விசாரணையும் அங்கேதான் முடிவுக்கு வரும்.

காகிதம்

எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கியமானது இந்தப் பகுதிதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் மாறுவார், ரிஜிஸ்டர் மாறும், கட்டடம் மாறும், கம்ப்யூட்டரே மாறும். உங்கள் குழந்தையின் கதை முழுவதும் உங்கள் பையில் இருந்தால் எங்கே போய் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். இல்லாவிட்டால் முதல் படியிலிருந்துதான்.

காப்பீட்டை முதல் வாரத்திலேயே முடியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். இதில் எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு, கைக்குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறியே இருக்காது. பிறப்புச் சான்றை வைத்து முதலில் பெயரைச் சேருங்கள். எந்த ஆஸ்பத்திரியில் குழந்தை இருதய ஆபரேஷன் திட்டத்தில் இருக்கிறது என்பதை 1800 425 3993-இல் கேட்கலாம், கட்டணமில்லை. இன்னொரு வழியும் இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வேனில் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே டீம், 18 வயது வரை இப்படிப்பட்ட குழந்தைகளைப் பதிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறது. அவர்கள் போன் நம்பர் அங்கன்வாடி டீச்சரிடம் இருக்கும், வாங்கி வையுங்கள். கவுன்டரில் நாம் கேட்டால் வராத பதில் அவர்கள் கேட்டால் வந்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

பையில் இருக்க வேண்டியது: ஓபி சீட்டு எல்லாம் தேதி வரிசையில், எக்கோ ரிப்போர்ட், சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் ரிப்போர்ட்டோடு படம் இருக்கிற சிடி தட்டும், ரத்த வகை, மருந்துச் சீட்டு, எடை குறித்த நோட்டு. சிடியைத் தெரிந்த கடையில் கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குக் கொடுத்தது வெறும் சிடி, ஒன்றுமே இல்லை. அது சென்னையில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, அந்த ஸ்கேனை மறுபடி எடுக்கக் குழந்தையை மறுபடி தூங்கவைக்க வேண்டி வந்தது. எல்லாக் காகிதத்தையும் போனில் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஏதோ மாறுகிறது என்று தெரிந்தால்

யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். நாங்கள் மாசி மாதம் செக்கப்புக்குப் போனபோது சர்ஜன் ரூம் கதவில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. கவுன்டரில் கேட்டால் ‘அவர் மாறிப்போயிட்டாரும்மா, ஐசியூவும் வேலை நடக்குது, நீங்க கூப்பிடும்போது வாங்க’ என்றார்கள். நானும் சரி என்று திரும்பிவிட்டேன். அந்த ‘சரி’க்கு இரண்டு மாதம் போனது, ஏனென்றால் பழைய வரிசையை அவர் தன் டைரியில்தான் வைத்திருந்தாராம், புதிய லிஸ்ட்டில் எங்கள் பெயரே இல்லை.

நீங்கள் அப்படித் திரும்பாதீர்கள். அங்கேயே நின்று கேளுங்கள்: இப்போது லிஸ்ட் யாரிடம் இருக்கிறது, அதில் என் குழந்தை பெயரும் ஓபி நம்பரும் இருக்கிறதா, நான் பார்க்கலாமா. இங்கே ஆபரேஷன் எப்போது திரும்பத் தொடங்கும் என்று டாக்டரிடமே கேளுங்கள், கவுன்டரில் இருப்பவருக்கு அது தெரியாது. டாக்டர் முதலில் சொன்ன கெடு அதற்கு முன்னால் முடிகிறது என்றால், வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம் வேண்டும் என்று கேளுங்கள். அதில் கோளாறு, இதுவரை வந்த ஸ்பெல், மருந்து, எவ்வளவு அவசரம் என்று எழுதியிருக்கணும். வெறும் ‘ரெஃபர்டு’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பணிவாகத் திருப்பிக் கொடுத்து, கொஞ்சம் விவரமாக எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டுக்கு ஏற்கெனவே அப்ரூவல் போட்டிருந்தால் அதை என்ன செய்வது என்று காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிட்டுத்தான் கிளம்பணும்.

மாறிப்போன டாக்டரைத் தேடிக்கொண்டு போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம், ஒரு கைக்காக ஓடாதீர்கள். குழந்தை இருதய ஆபரேஷனில் சர்ஜன் ஒருவர் மட்டும் இல்லை, மயக்க மருந்து டாக்டர், இருதய நுரையீரல் மெஷினை ஓட்டுகிறவர், முக்கியமாக ராத்திரி ஐசியூவில் குழந்தை பக்கத்தில் நிற்கிற நர்ஸ், எல்லாரும் சேர்ந்தால்தான் குழந்தை வீடு வரும். அவர் போன இடத்தில் குழந்தைகளுக்கென்று ஐசியூ இருக்கிறதா, இந்த ஆபரேஷன் அங்கே வழக்கமாக நடக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரிக்குப் போவது பல வருஷமாக இருக்கிற வழக்கம், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் போவார்கள். சத்ய சாய் அறக்கட்டளை புட்டபர்த்தியிலும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலும் நடத்தும் ஆஸ்பத்திரிகளில் இருதய ஆபரேஷனுக்குப் பணமே வாங்குவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கருத்துக் கேட்பது தப்பில்லை, ஆனால் இரண்டு டாக்டரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

புதிய இடத்தில் எக்கோவை மறுபடி எடுப்பார்கள். ‘இப்பத்தானே எடுத்தோம்’ என்று சண்டை போட வேண்டாம். கத்தி வைக்கிறவர் தன் கண்ணால் பார்க்கணும் என்பது நியாயம்தான்.

போக்குவரத்தும் மற்ற பிள்ளையும்

இருதய ஆபரேஷனுக்குப் போகிற நோயாளிக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் ரயில் டிக்கெட்டில் சலுகை உண்டு, ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி ஸ்டேஷன் கவுன்டரில் கொடுக்கணும். எங்களுக்கு இது தெரியவந்தது ஐந்தாவது பயணத்தில்தான், அதுவும் பொதிகையில் எதிர் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் சொல்லி. சென்னையில் சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். வார்டில் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்பார்கள், அப்பா வராந்தாவில் பாயோடு படுக்கத் தயாராக வரணும். ஒரு கம்பளியும் பூட்டுப் போட்ட பையும் கட்டாயம்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் தறியை விட்டு வந்தால் கூலி இல்லை, வராவிட்டால் நான் தனி ஆள். கடைசியில் டாக்டரைப் பார்க்கிற நாளுக்கு மட்டும் அவர் வருவது, ஸ்கேன் எக்கோவுக்கு நானும் என் தம்பியும் போவது என்று பிரித்துக்கொண்டோம். முடிவு சொல்கிற நாளில் இரண்டு பேரும் இருந்தால்தான் வீட்டுக்கு வந்து ‘டாக்டர் என்ன சொன்னார்’ என்று சண்டை வராது.

பெரியவன் நாலு மாதம் ஆச்சி வீட்டில் இருந்தான். ஒருநாள் போனில் ‘எனக்கும் இருதயத்துல வலிக்குது, என்னையும் கூட்டிட்டுப் போ’ என்றான். நான் முதலில் சிரித்துவிட்டேன், அப்புறம் போனை வைத்துவிட்டு அழுதேன். அதற்கப்புறம் ஒரு பயணம் அவனையும் கூட்டிப்போனோம், எக்கோ ரூம் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். மூத்த பிள்ளைக்கு உண்மையை அவன் வயசுக்குத் தகுந்த மாதிரி சொல்லிவிடுங்கள். மறைத்தால் அவர்களாகவே அதைவிடப் பயங்கரமாக எதையாவது நினைத்துக்கொள்வார்கள்.

தேதி வரும், தள்ளிப்போகும்

எங்களுக்கு இரண்டு தடவை தள்ளிப்போனது. ஒருமுறை நேற்றுப் பிறந்த குழந்தை அவசரமாக வந்ததால், இன்னொரு முறை ஐசியூவில் படுக்கை காலியாகாததால். கோபம் வரும். அந்த நேற்றுப் பிறந்த குழந்தையின் அம்மாவை லிஃப்ட் பக்கம் பார்த்தேன், பச்சை உடம்போடு நின்றுகொண்டிருந்தார், என் கோபம் அங்கேயே போய்விட்டது.

தள்ளிப்போகும் நாளில் கவனிக்க வேண்டியது பட்டினி. வழக்கமான கணக்கு, சோறும் புட்டிப்பாலும் என்றால் 6 மணி நேரம் முன்பே நிறுத்தணும், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம், ஆனால் உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொல்வதுதான் கடைசி. காலை எட்டு மணி என்று சொன்ன ஆபரேஷன் பதினொன்று ஆகியும் தொடங்காவிட்டால் சும்மா உட்காராதீர்கள், எழுந்து போய் நர்ஸிடம் ‘இன்னும் எவ்வளவு நேரம், தண்ணீர் கொடுக்கலாமா, டிரிப் போடுறீங்களா’ என்று கேளுங்கள். நீலக் குழந்தையைக் காயப்போடக்கூடாது என்று அவர்களுக்கும் தெரியும், வேலை நெருக்கடியில் ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேண்டும்.

ரத்தம் கொடுக்க ஆட்களை முன்பே பேசிவையுங்கள். சின்னக் குழந்தைக்கு இருதய நுரையீரல் மெஷினில் போடவே ரத்தம் தேவைப்படும். 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாதவராக, கடைசியாகக் கொடுத்து ஆண் என்றால் மூன்று மாதமும் பெண் என்றால் நாலு மாதமும் ஆனவராக இருக்கணும். ஊரிலிருந்து ஆள் கூட்டி வருவதைவிட அந்த ஊரிலேயே வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன்கள் நாலு பேர் நம்பர் இருந்தால் நல்லது.

தெரியாத நம்பரிலிருந்து வரும் போனை எடுங்கள். லோன் வேணுமா என்று கேட்கிற அழைப்பு பத்து வரும், பதினொன்றாவது ஆஸ்பத்திரியாக இருக்கும். இரண்டு போன் நம்பர் கொடுத்து வையுங்கள், ஒன்று சார்ஜ் இல்லாமல் கிடக்கும்.

பையைக் கட்டித் தயாராக வைக்கச் சொல்வார்கள். நான் தை மாதமே கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன், முன்பக்கம் திறக்கிற பருத்திச் சட்டை நாலு, ஒரு பச்சைக் கவுன், பால் புட்டி, அவளுடைய ரப்பர் வாத்து. நெஞ்சில் தையல் இருக்கும் என்பதால் தலைவழியாகப் போடுகிற துணி வேண்டாம் என்று யாரோ சொன்னது ஞாபகம் இருந்தும், கவுன் மட்டும் டிஸ்சார்ஜ் அன்றைக்குப் போட ஆசையாக வைத்தேன். புரட்டாசியில் கூப்பிட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆகிற காலையில் எடுத்தால் கவுன் அவள் தோளைத் தாண்டி இறங்கவே இல்லை. பையில் வைத்த துணியை மாதம் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.